புழுக்கத்துக்கு என்ன வைத்தியம்? வடசென்னைக் கேள்விகள், டாக்டர் பதில்கள்

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் பொது மருத்துவராக வேலை பார்க்கிறேன். மாறிவரும் வெயிலும் மழையும் உடம்பை என்ன செய்கின்றன என்று நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள் கீழே. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து: டாக்டர், வேலூரில் 41 டிகிரி, இங்கே 37தான் என்கிறார்கள். அங்கே போனால் தாங்க முடிகிறது, இங்கே முடியவில்லையே?

வியர்வை வந்தால் மட்டும் போதாது, அது காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். அதனால் வியர்வை சும்மா வழிந்துகொண்டிருக்கும். தண்ணீரும் உப்பும் போகும், சூடு இறங்காது. கடல் சூடாகச் சூடாக இந்த ஈரமும் கூடுகிறது. மதியம் கடற்காற்று நேரத்துக்கு வந்தால் பிழைத்தோம், தாமதமானால் வெப்பம் எகிறும். 2003 மே 31 அன்று சென்னை 45 டிகிரியைப் பார்த்தது. ஆனால் எனக்கு அதிகக் கவலை இரவைப் பற்றித்தான். பகலெல்லாம் சூடேறிய காங்கிரீட் சுவர் விடிய விடிய அதைக் கக்குகிறது. தூக்கம் கெடுகிறது, இதயத்துக்கு ஓய்வே இல்லை. பெரியவர்களை ராத்திரி எந்த அறையில் படுக்க வைக்கிறீர்கள் என்று ஒரு முறை யோசியுங்கள்.

காசிமேட்டில் மீன் விற்பவர்: விடியற்காலை 3 மணிக்குப் போனால் மதியம்தான் வீடு. நிறைய தண்ணீர் குடி என்கிறீர்கள். குடித்தால் எங்கே போவது?

அக்கா, வெயிலுக்கு ஆலோசனை சொல்கிறவர்கள் எல்லாரும் மறந்துவிடுவது இதைத்தான். கழிப்பறை இல்லாத இடத்தில் 'தண்ணீர் குடி' என்பது வெறும் வாய்ப்பேச்சு. குடிக்காமல், வந்தாலும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று, கல் எல்லாம் வருகின்றன. சித்திரை, வைகாசியில் நான் அதிகம் மருந்து எழுதுவது இவற்றுக்குத்தான்.

இப்போதைக்கு, வீட்டிலிருந்து கிளம்பும் முன் இரண்டு டம்ளர் குடியுங்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக. நீராகாரம், மோர் இரண்டும் நல்லவை. ரத்தக் கொதிப்பு இருந்தால் உப்பை அள்ளிப் போடாதீர்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை. கவுன்சிலரிடம் மனு கொடுக்கும்போது நிழல், குடிநீர், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் தண்ணீர்ப் பந்தலைத் திறந்து போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

கொருக்குப்பேட்டையிலிருந்து: ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஏசிக்கு வசதி இல்லை. என்ன செய்யலாம்?

கூரை மேல் வெள்ளை அடியுங்கள். சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை பெயின்டோ, உள்ளே சில டிகிரி குறையும். மழையில் கரைந்தால் மறுபடி அடிக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: ஆஸ்பெஸ்டாஸைக் காய்ந்த நிலையில் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலில் தங்கிவிடும். ஏறும்போது பலகை போட்டு ஏறுங்கள், இல்லாவிட்டால் ஷீட் உடையும். ஃபேன் 40 டிகிரி வரை உதவும். அதற்கு மேல் வெறும் ஃபேன் அனல்காற்றைத்தான் வீசும்.

துறைமுகத்தில் லோடு ஏற்றுபவர்: கூட வேலை செய்பவர் வெயிலில் சுருண்டு விழுந்தால் முதலில் என்ன செய்வது?

தம்பி, பேச்சு உளறுகிறதா, ஆள் அடையாளம் தெரியவில்லையா, உடம்பு கொதிக்கிறதா? அப்படியானால் அது வெப்பத் தாக்குதல். 108-ஐக் கூப்பிடுங்கள், ஆனால் வண்டி வரும்வரை சும்மா நிற்காதீர்கள். நிழலுக்கு இழுத்து, சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். துறைமுகத்தில் ஐஸுக்கா பஞ்சம்? துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் இந்தச் சூட்டுக்குக் கேட்காது.

தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. 'மாரடைப்பு' என்று மட்டும் எழுதி முடித்துவிட்டால் குடும்பம் அதைக் கேட்டு வாங்குவது கஷ்டம். அதனால் எங்கே, எந்த நேரத்தில், எவ்வளவு வெயிலில் விழுந்தார் என்பதை மருத்துவமனையில் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

வியாசர்பாடியிலிருந்து: கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் நடந்து வந்த பையனுக்கு ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல். மழைக் காய்ச்சல்தானே?

அப்படி நினைத்து விட்டுவிடாதீர்கள். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வெள்ளத்தில் கலந்த எலிச் சிறுநீர், காலில் உள்ள சின்னப் புண் வழியாக ஏறுகிறது. வெள்ளத்தில் நடந்தான் என்பதை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். நேரத்தோடு பிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக்கிலேயே சரியாகும்.

பெரம்பூரிலிருந்து: புகை அடிக்கிறார்கள், ஆனாலும் டெங்கு வருகிறதே?

புகை, பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். முட்டை உங்கள் டிரம்மின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி நிரப்பியதும் பொரியும். லாரித் தண்ணீரைப் பிடித்து வைக்கிற தெருக்களில் டெங்கு நிற்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம். வாரம் ஒரு நாள் டிரம்மைக் காலி செய்து, உள்ளே பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு நிரப்புங்கள். வெப்பம் கூடினால் கொசுவின் உடம்பில் வைரஸ் சீக்கிரம் பெருகுகிறது என்பதால், ஒரு வாரம் தள்ளிப்போடுவதும் இப்போது ஆபத்துதான்.

எண்ணூரிலிருந்து: 2023 மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து வந்தது. மறுபடி வந்தால்?

கையில் காலில் ஒட்டிய எண்ணெயை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்காதீர்கள், தோல் வெந்துபோகும். சமையல் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு சோப்புப் போடுங்கள். மூச்சு வாங்கினால் வீட்டில் இருக்காதீர்கள், வெளியேறிவிடுங்கள். ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரை ரேஷன் கார்டோடு ஒரே பையில் போட்டு வையுங்கள்.

திருவொற்றியூரிலிருந்து: ஃப்ரிட்ஜ் இல்லை. இன்சுலின்?

மருந்தைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். ஐஸில் நேரடியாக வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் வீண்.