யூரிக் அமிலக் கேள்விகள்: கிரியேட்டினின் எங்கே?

வயது 46. உடல் பரிசோதனையில் யூரிக் அமிலம் 7.4 என்று தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. வலி எதுவும் இல்லை. மாத்திரை தொடங்கலாமா டாக்டர்?

வேண்டாம். இதுவரை மூட்டு வீங்கியதில்லை, சிறுநீரகக் கல் வந்ததில்லை என்றால் 7.4க்கு மாத்திரை கிடையாது. எடை, மது, இனிப்புப் பானம் மூன்றையும் கவனியுங்கள், ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். அதிருக்கட்டும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு? அதே தாளில் இரண்டு வரி தள்ளித்தான் இருந்திருக்கும். உடம்பில் சேரும் யூரிக் அமிலத்தில் மூன்றில் இரண்டு பங்கை வெளியேற்றுவது சிறுநீரகம். அதன் நிலை தெரியாமல் இந்த எண்ணுக்கு என்னால் பொருள் சொல்ல முடியாது.

எனக்கு 52 வயது. நான்கு வருடம் முன்பு 4.5 இருந்தது, இப்போது 6.1. சாப்பாட்டில் எதையும் மாற்றவில்லை. ஏன் ஏறியது?

மாதவிடாய் எப்போது நின்றது என்பதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் விடை பெரும்பாலும் அங்கேதான். ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை சிறுநீரகம் யூரிக் அமிலத்தைத் தாராளமாக வெளியேற்றும். அது குறைந்ததும் பெண்களின் அளவு ஆண்களின் அளவை நெருங்கத் தொடங்கும். ரத்த அழுத்தத்துக்குத் தயசைடு வகை மாத்திரை எடுக்கிறீர்களா என்றும் பாருங்கள், அதுவும் ஏற்றும். எடுத்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள், மாற்று உண்டு.

கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போனது. அன்றே ரத்தம் பார்த்தேன், யூரிக் அமிலம் 5.8தான். அப்போது இது கவுட் இல்லைதானே?

அப்படி முடிவு கட்டாதீர்கள். கவுட் என்பது யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகப் படிந்து வரும் வாதம். வலி உச்சத்தில் இருக்கும் நாளில் ரத்தத்தில் அளவு இறங்கி, இயல்பாகவே தெரிவது உண்டு. வீக்கம் வடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்துப் பார்த்தால்தான் உண்மையான அளவு தெரியும். சந்தேகமே இல்லாமல் தெரிய வேண்டுமென்றால் மூட்டுநீர் ஒரு சொட்டு போதும். துருவப்படுத்திய ஒளியுள்ள நுண்ணோக்கியில் வைத்தால் ஊசி ஊசியாக யூரேட் படிகங்கள் மின்னும். தட்டைத் திருப்பினால் மஞ்சளாகத் தெரிந்த ஊசி நீலமாகும். சில ஊசிகள் வெள்ளையணுவைக் குத்திக்கொண்டு இரண்டு பக்கமும் நீட்டி நிற்கும். அந்த வலி எங்கிருந்து வருகிறது என்பது அதைப் பார்த்தால் புரியும். மூட்டில் கிருமித்தொற்று இருந்தாலும் இதே சிவப்பும் வீக்கமும்தான் வரும். அதனால் காய்ச்சலும் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

யூரிக் அமிலம் கூடியவர்களுக்கு ‘இளமைப் புரதம்’ க்ளோத்தோ குறைவாக இருப்பதாகப் படித்தேன். எனக்கு 49 வயது, யூரிக் அமிலம் 7. அல்லோபியூரினால் எடுத்து அதைக் குறைத்தால் க்ளோத்தோ ஏறி, மூப்பு தள்ளிப்போகுமா?

இதே கேள்வி வேறு வேறு வார்த்தைகளில் ஐந்தாறு பேரிடமிருந்து வந்திருக்கிறது. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் படித்த செய்தி பொய்யில்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் 2007 முதல் 2016 வரை, 40 முதல் 79 வயதுள்ளவர்களின் ரத்தத்தில் க்ளோத்தோவை அளந்தார்கள். யூரிக் அமிலம் கூடியவர்களிடம் அது சராசரியில் சற்றுக் குறைவு. க்ளோத்தோவும் சாதாரணப் புரதம் இல்லை. 1997இல் ஜப்பானில் மகோடோ குரோ-ஓ குழுவினர் கண்டுபிடித்தது. இந்த மரபணு பழுதான எலிகள் இரண்டே மாதத்தில் ரத்தக்குழாய் இறுகி, எலும்பு மெலிந்து, தோல் சுருங்கிச் செத்தன. 2005இல் அதையே கூடுதலாகச் சுரக்க வைத்தபோது எலிகள் 20 முதல் 30 சதவீதம் அதிக நாள் வாழ்ந்தன. ஆர்வம் வருவது நியாயம்தான்.

ஆனால் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: க்ளோத்தோ முக்கியமாக எங்கே உருவாகிறது? சிறுநீரக நுண்குழல்களில். யூரிக் அமிலத்தை வெளியேற்றுவது யார்? அதே சிறுநீரகம். நாற்பதைத் தாண்டியபின் சிறுநீரகம் மெல்லத் தளர்ந்தால் ஒன்று இறங்கும், மற்றது ஏறும். மழை பெய்கிறது, தெருவில் குடைகள் விரிகின்றன, தரையும் நனைகிறது. குடையை மடக்கினால் தரை காய்ந்துவிடுமா? கிரியேட்டினினை வைத்துச் சிறுநீரகத்தின் பங்கைக் கழித்துவிட்டோம் என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். நுண்குழல்களின் ஆரம்பச் சேதம் கிரியேட்டினினில் தெரியவே தெரியாது, கழித்த பிறகும் மிச்சம் இருக்கும். மேலும் இது ஒருவரிடம் ஒரே ஒரு நாள் எடுத்த ரத்தம். எது முந்தியது, எது பிந்தியது என்று அதில் எப்படித் தெரியும்?

சரி, யூரிக் அமிலத்தைக் குறைத்துப் பார்த்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். 2020இல் இரண்டு பெரிய சோதனைகளின் முடிவு வந்தது. ஒன்று நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளிடம், இன்னொன்று முதல் வகை நீரிழிவுக்காரர்களிடம். அல்லோபியூரினால் யூரிக் அமிலத்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறக்கியது. சிறுநீரகத்தின் சரிவு மட்டும் நிற்கவில்லை. 2022இல் பிரிட்டனில் 60 வயது கடந்த இதய நோயாளிகள் சுமார் 6,000 பேரை ஐந்து வருடம் போலத் தொடர்ந்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இறப்பு எதிலும் பலனில்லை. எண் இறங்கியது, உறுப்பு பிழைக்கவில்லை. கவுட் உள்ளவருக்கு இதே மருந்து வாழ்வையே மாற்றும். கவுட் இல்லாதவருக்கு, மூப்பைத் தள்ளிப்போட என்று கொடுக்க என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

எனக்கு ஆதங்கம் வருவது இதனால்தான். இப்படி ஒரு செய்தியைப் படித்துவிட்டுத் தானாக அல்லோபியூரினால் தொடங்கிய ஒருவர் நான்காவது வாரம் என்னிடம் வந்தார். காய்ச்சல், முகம் வீங்கி, மார்பெல்லாம் சிவந்த தடிப்பு, வாய்க்குள் புண். பிழைத்துக்கொண்டார். ஆனால் மூன்று வாரம் படுக்கையில் கிடந்தார், தேவையே இல்லாத ஒரு மாத்திரைக்காக. எச்.எல்.ஏ-பி 5801 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு. அது ஆசியாவின் பல பகுதிகளில் அதிகம்.

சிறுநீரகத்தைக் காப்பாற்றுங்கள்: ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, கண்டபடி வலிமாத்திரை. க்ளோத்தோவை அளக்கவும் வேண்டாம். ஒவ்வொரு கருவித் தொகுப்பும் ஒவ்வொரு எண் காட்டும், எல்லோரும் ஒப்புக்கொண்ட இயல்பளவு இன்னும் இல்லை.

ஜி.டி.எஃப்-15, இன்டர்லூகின்-6, சி.ஆர்.பி. எல்லாம் சேர்ந்த ‘மூப்புத் தொகுப்பு’ ரத்தப் பரிசோதனை எடுத்தேன். ஜி.டி.எஃப்-15 மிக அதிகம் என்கிறார்கள். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறேன். பயமாக இருக்கிறது.

ஜி.டி.எஃப்-15 என்பது செல்கள் நெருக்கடியில் சுரக்கும் ஒரு புரதம். மெட்ஃபார்மினே அதை ஏற்றும். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ஒரு சளிக்கே துள்ளும். பயத்தை விடுங்கள், மெட்ஃபார்மினை நிறுத்திவிடாதீர்கள்.

பருப்பு, கீரை, காளான் எல்லாவற்றையும் விட்டு எட்டு மாதம். யூரிக் அமிலம் அசையவே இல்லை!

அசையாது. யூரிக் அமிலமாக மாறும் பொருளுக்குப் பியூரின் என்று பெயர். அதில் பெரும்பகுதி உங்கள் செல்கள் உடைவதிலிருந்தே வருகிறது, உணவின் பங்கு மூன்றில் ஒன்று போல. கடுமையான பத்தியம் இருந்தாலும் இறங்குவது 1 புள்ளிதான். அதிலும் நீங்கள் விட்டது தவறான பொருள்களை. சுமார் 47,000 ஆண்களை 12 வருடம் தொடர்ந்த ஆய்வில் இறைச்சியும் கடல் உணவும் கவுட்டைக் கூட்டின, காய்கறிப் பியூரின் கூட்டவில்லை. குறைக்க வேண்டியது பீர், ஈரல் போன்ற உள்ளுறுப்பு இறைச்சி, அப்புறம் இனிப்புப் பானங்கள். அவற்றிலுள்ள ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை கல்லீரலில் உடையும்போது செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. தீர்ந்து, அதன் மிச்சம் யூரிக் அமிலமாகிறது. பருப்பை இன்றே திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையை இணைத்துள்ளேன். பார்த்துச் சொல்லவும்.

வயது இல்லை, ஆணா பெண்ணா தெரியவில்லை, என்ன தொந்தரவு என்றும் இல்லை. படத்தில் கிரியேட்டினின் வரி பாதியில் வெட்டப்பட்டிருக்கிறது. முழுதாக அனுப்புங்கள்.

மூன்று முறை கவுட் வந்தபின் அல்லோபியூரினால் தொடங்கினார்கள். மூன்றாவது வாரமே மறுபடி வலி. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிட்டேன். சரிதானே?

சரியில்லை. பல வருடமாக மூட்டில் படிந்த படிகம் கரையத் தொடங்கும்போது வலி வருவது வழக்கம். மருந்து வேலை செய்வதால் வந்த வலி அது. இதற்காகத்தான் முதல் மூன்று முதல் ஆறு மாதம் இந்த வலியைத் தடுக்கும் கொல்சிசின் மருந்தைக் குறைந்த அளவில் சேர்த்துக் கொடுப்போம். உங்களுக்குக் கொடுத்தார்களா என்று கேளுங்கள். உங்கள் மருத்துவரிடம் போய் மீண்டும் தொடங்குங்கள், 100 மில்லிகிராம் அல்லது அதற்கும் கீழிருந்து. யூரிக் அமிலம் 6க்குக் கீழே இறங்கும்வரை அவர் படிப்படியாகக் கூட்டுவார். மூட்டு வலித்தால் நிறுத்தாதீர்கள். தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாதீர்கள், அன்றைக்கே அவரைப் பாருங்கள்.