கேளுங்க சொல்றேன்: உறைந்துபோகும் எண்ணெய்க்குழாய்

(குழாய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தண்டையார்பேட்டைக்காரர் பதில் சொல்கிறார்)

கேள்வி: அண்ணே, எண்ணெய்க் கிணறு தெற்கு சூடானில், துறைமுகம் சூடானில். காசுத் தகராறு வந்தால் குழாயை மூடிவிட்டு, சமாதானம் ஆனதும் திறந்துவிட வேண்டியதுதானே? தெருக்குழாய் மாதிரி?
– வாசகர், காலடிப்பேட்டை

தம்பி, மார்கழி விடிகாலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு சொட்டு விழாது. எங்கம்மா அதை மொட்டைமாடிச் சுவர்மேல் வெயிலில் வைத்துவிட்டுத்தான் வாசல் தெளிக்கப் போவார். சூடான் எண்ணெய் அதைவிடப் பிடிவாதம். மெழுகு அதிகம். முப்பது டிகிரிக்கு மேலான சூட்டிலேயே இறுகத் தொடங்கிவிடும். நம்ம ஊர் நிழலே அதற்குக் குளிர்! அதனால் சூடாக்கி, மருந்து கலந்து, நிற்காமல் தள்ளிக்கொண்டே இருக்கணும். உள்ளேயே உறைந்தால் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் மெழுகுவத்திதான்.

2011 ஜூலையில் தெற்கு சூடான் தனிநாடானபோது, பழைய சூடானின் எண்ணெயில் முக்கால் பங்கு அதன் பக்கம் போனது. குழாயும் செங்கடலோர போர்ட் சூடானும் வடக்கே நின்றுவிட்டன. வாடகை பேசினார்கள். வடக்கு கேட்டது பீப்பாய்க்கு 36 டாலர் வரை. தெற்கு தர வந்தது ஒரு டாலருக்கும் கீழே. மீன் ஏலத்தில்கூட இவ்வளவு இடைவெளி நான் பார்த்ததில்லை. 2012 ஜனவரியில் தெற்கு உற்பத்தியையே நிறுத்தியது. அரசு வருமானத்தில் 98 சதவீதம் அந்த எண்ணெயில்தான் வந்துகொண்டிருந்தது. அதைத் தானே நிறுத்திக்கொண்ட வீம்பை என்ன சொல்ல! அந்த செப்டம்பரில் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அங்கே இருப்பது இரண்டு குழாய், எதில் போகிறது என்பதைப் பொறுத்து பீப்பாய்க்கு 9 டாலர் 10 சென்ட், 11 டாலர் என்று கட்டணம், அதற்கு மேல் ஈட்டுத்தொகையாகப் பீப்பாய்க்கு 15 டாலர். எண்ணெய் மறுபடி ஓட 2013 ஏப்ரல் ஆனது.

அது தெரிந்தே நிறுத்தியது. 2024 பிப்ரவரியில் நடந்தது வேறு. சூடானில் 2023 ஏப்ரலில் மூண்ட உள்நாட்டுப் போருக்கு நடுவே குழாய் மாட்டிக்கொண்டது. பம்பு நிலையத்துக்கு டீசல் போய்ச் சேரவில்லை. எண்ணெய் இறுகி, அழுத்தம் ஏறி, குழாய் வெடித்தது. ஏறக்குறைய ஒரு வருஷம் அந்த வழி அடைபட்டுக் கிடந்தது. தெற்கின் தலைநகர் ஜூபாவில் அரசு ஊழியருக்குச் சம்பளம் மாசக்கணக்கில் நின்றுபோனது.

இதில் நமக்கும் பங்கு உண்டு. நம்ம அரசு எண்ணெய் நிறுவனம் ஓஎன்ஜிசியின் வெளிநாட்டுப் பிரிவான ஓஎன்ஜிசி விதேஷ் 2003இல் அங்கே எண்ணெய் எடுக்கும் ஒரு குழுமத்தில் 25 சதவீதம் வாங்கியது.

கேள்வி: குழாய் வேண்டாம், லாரியில் ஏற்றினால் ஆகாதா?
– வாசகி, எர்ணாவூர்

எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டி வரிசை பார்த்துமா கேட்கிறீர்கள்? 2011 கணக்கில் ஒரு நாளைக்குச் சுமார் 3.5 லட்சம் பீப்பாய். பீப்பாய்க்கு 159 லிட்டர். இருபதாயிரம் லிட்டர் லாரி என்றால் தினம் கிட்டத்தட்ட 2,780 லாரி. காலியாகத் திரும்பி வருகிற வண்டிகளை இதில் சேர்க்கவில்லை. நம்ம மணலி சுத்திகரிப்பு ஆலைக்கும் துறைமுகத்திலிருந்து கச்சா எண்ணெய் குழாயில்தான் வருகிறது.

கேள்வி: குழாய்க்குள் பன்றியை விடுவார்களாமே?
– அதே எர்ணாவூர் வாசகி

அதன் பெயரே ‘பிக்’தான். ரப்பர் வட்டுகள் மாட்டிய உருளை. எண்ணெயே அதைத் தள்ளிக்கொண்டு போகும். அது சுவரில் ஒட்டிய மெழுகையும் கசடையும் வழித்துக்கொண்டு வரும். உறுமிக்கொண்டு ஓடுவதால் இந்தப் பெயர் என்று சொல்வார்கள். ராத்திரி ஷிப்டில் குழாய்மேல் காதை வைத்துக் காத்திருப்போம். எனக்கென்னவோ அது பன்றி மாதிரிக் கேட்டதே இல்லை. கொருக்குப்பேட்டையில் தூரத்தில் கூட்ஸ் வண்டி வருகிற மாதிரி இருக்கும். வந்து சேர்ந்ததும் கதவைத் திறந்தால் முழங்கால் வரைக்கும் கறுப்புக் களி. அந்தச் சட்டையோடு வீட்டுக்குள் விடமாட்டாள் என் மனைவி. வாசலிலேயே இரண்டு குடம் தண்ணீர் ஊற்றின பிறகுதான் சோறு.