மூத்த மகன் இல்லாத கதை – கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எனக்கு எட்டு வயதில் மகள், ஐந்து வயதில் மகன். இரவு படுக்கும் முன் ஒரு கிறிஸ்தவக் கதைப் புத்தகத்தை வாசித்துக் காட்டுவேன். நல்ல புத்தகங்களாகத் தேடித்தான் வாங்குகிறேன். இருந்தாலும் காயீன் ஆபேலைக் கொல்வது, ஆபிரகாம் கத்தியை எடுப்பது, ஆகார் பாலைவனத்தில் அழுவது மாதிரியான பக்கங்கள் வந்துவிடுகின்றன. அவற்றை ஸ்டேப்ளர் போட்டு மூடிவைத்திருக்கிறேன். இப்போது மகளுக்குக் கதையிலேயே ஆர்வம் போய்விட்டது. நான் ஆரம்பித்ததுமே கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "இந்தக் கதை நமக்குக் கற்பிக்கும் பாடம்" என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பதை உரக்க வாசித்துவிட்டு, "முடிஞ்சிருச்சு, லைட்டை அணைங்க" என்கிறாள்.

எந்த வயதுக்கு எந்தப் புத்தகம் கொடுக்கலாம்? பேசும் மிருகங்கள், மந்திரம் எல்லாம் வரும் கதைகளை விசுவாசக் குடும்பத்தில் வாசிக்கலாமா? "வேதமே போதும், கதைப் புத்தகம் எதற்கு?" என்கிறார் என் கணவர். நம்பி வாங்கக்கூடிய புத்தகங்களின் பட்டியல் ஒன்று தர முடியுமா?

எம்.

*

அன்புள்ள எம்.,

உங்கள் மகளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவள் அந்தப் புத்தகத்தைச் சரியாகத்தான் வாசிக்கிறாள். பாடத்துக்காகத்தான் கதை என்று புத்தகமே கட்டம் கட்டிச் சொல்கிறது. அப்படியானால் பாடத்தை மட்டும் வாசித்துவிட்டுத் தூங்கப் போவதில் என்ன தவறு? அவளுக்குக் கதையில் ஆர்வம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவளுக்கு இன்னும் கதையே கிடைக்கவில்லை.

கொஞ்ச காலமாகவே இந்த விஷயம் என் மனதை உறுத்திக்கொண்டிருக்கிறது. ஒரு ஞாயிறு பள்ளியில் கதை சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். நான் சொல்வதற்கு முன் நீங்கள் சொல்லுங்கள் என்று பிள்ளைகளிடம் கெட்ட குமாரன் கதையை, அதாவது சொத்தில் தன் பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்டு வீடு திரும்பும் இளைய மகனின் கதையைக் கேட்டேன். அருமையாகச் சொன்னார்கள். பன்றி மேய்த்தது, பசி, திரும்பி வந்தது, அப்பா ஓடிவந்து கட்டிக்கொண்டது, மோதிரம், செருப்பு, கொழுத்த கன்று, எல்லாம் வந்தது. "அவனுக்கு ஒரு அண்ணன் உண்டே, அவன் என்ன ஆனான்?" என்றேன். முன்வரிசையில் இருந்த ஒரு பையன் தெளிவாகச் சொன்னான்: "அது வேற கதை." அவர்களுடைய படப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் அப்பாவும் மகனும் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கீழே கட்டம். அண்ணன் எந்தப் பக்கத்திலும் இல்லை.

உங்கள் மற்ற சந்தேகங்களை முதலில் முடித்துவிடுகிறேன். பேசும் மிருகங்கள்: எண்ணாகமம் 22இல் பிலேயாமின் கழுதை பேசுகிறது, நியாயமாகவும் பேசுகிறது. நியாயாதிபதிகள் 9இல் மரங்களெல்லாம் கூடித் தங்களுக்கு ராஜாவைத் தேடுகின்றன. கடைசியில் முட்செடிதான் ஒப்புக்கொள்கிறது. வேதாகமத்துக்கே இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு? மந்திரம் வரும் கதையைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டாம். கதையில் மந்திரக்கோல் வந்தால் அது கதை என்று எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். வயது விவகாரத்தில் அட்டையில் அச்சடித்திருப்பதை நம்பாமல் உங்கள் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

இனி மூத்த மகன்.

இந்தக் கதை வரும் லூக்கா 15 எப்படி ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். பாவிகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று அன்றைய மதத்தலைவர்களான பரிசேயரும் வேதபாரகரும் இயேசுவைக் குறித்து முறுமுறுக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்தான் அந்த அதிகாரத்தில் வரும் கதைகள். முறுமுறுக்கிறவர்கள் கதைக்குள் எங்கே இருக்கிறார்கள்? பன்றி மேய்ப்பவனில் இல்லை. வயலிலிருந்து திரும்பி வரும் அண்ணனில்தான் இருக்கிறார்கள். கதை அவனை நோக்கித்தான் நடந்து வருகிறது. அவனை எடுத்துவிட்டால் யாருக்காகச் சொன்னாரோ அவர்களையே வெளியே அனுப்பியதாகிவிடும்.

அவன் வரும் இடத்தைக் கிட்டப்போய்ப் பாருங்கள். வேலை முடிந்து வருகிறான். வீட்டை நெருங்கும்போது ஆடல் பாடல் சத்தம் கேட்கிறது. அது அவனுடைய சொந்த வீடு. உள்ளே போய்ப் பார்த்துவிட வேண்டியதுதானே? போகவில்லை. ஒரு வேலைக்காரனைக் கூப்பிட்டு என்ன விசேஷம் என்று விசாரிக்கிறான். தன் வீட்டு வாசலில் நின்று வேலைக்காரனிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறான். கோபத்துக்கு முன்பே அவன் அந்த வீட்டுக்கு எவ்வளவு தூரமாகிவிட்டான் என்பது இந்த ஒரு செயலில் வந்துவிடுகிறது. அப்புறம் அப்பா விருந்தைப் பாதியில் விட்டு வெளியே வருகிறார். அன்றைக்கு அவர் இரண்டாவது தடவை வெளியே வருகிறார். சின்னவனுக்காக ஒரு தடவை ஓடிவந்தவர், பெரியவனுக்காகவும் வருகிறார். வந்து வருந்தி அழைக்கிறார். இவன் கணக்கைக் கொட்டுகிறான்: இத்தனை வருஷம் ஊழியம் செய்தேன், என் சிநேகிதரோடு சந்தோஷமாயிருக்க ஒருபோதும் ஒரு ஆட்டுக்குட்டியையாவது தரவில்லை. "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்கிறார் அப்பா. இன்னொரு வாக்கியம் சொல்கிறார். அதோடு 32ஆம் வசனம் முடிகிறது. கதையும் முடிகிறது.

அவன் உள்ளே போனானா? எழுதவில்லை.

எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் அப்பா இந்தப் பகுதியை வாசித்த ஒரு இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று சாயங்காலம் என் தம்பி என் படநோட்டைக் கிழித்திருந்தான். அழுதான், மன்னிப்புக் கேட்டான், அப்பா அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்தது. ஜெபத்துக்குச் சுவரில் சாய்ந்து தள்ளியே உட்கார்ந்திருந்தேன். அப்பா 32ஆம் வசனத்தை வாசித்து நிறுத்தினார். "அப்புறம்? அவன் உள்ள போனானா?" என்றேன். "அது எழுதல" என்றார். "போயிருப்பானா?" என்று மறுபடியும் கேட்டேன். அப்பா பைபிளை மூடி வைத்துவிட்டு, "இன்னைக்கு ஜெபம் நீ பண்ணும்மா" என்று மட்டும் சொன்னார்.

உன்னைத்தான் சொல்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. பொறாமை பாவம் என்று சொல்லவில்லை. "தம்பியை மன்னிக்க வேண்டும்" என்று ஒரு கட்டம் அன்று அந்தப் பக்கத்தில் இருந்திருந்தால், வெறுப்போடு மன்னித்துவிட்டுத் தூங்கியிருப்பேன். கட்டம் இல்லாததால் வாசலில் நிற்பவனோடு நானும் நிற்க வேண்டியிருந்தது. ஒரு கதை ஒரு பிள்ளைக்குச் செய்யக்கூடியதில் இதைவிடப் பெரியதை நான் அறியேன்.

இந்தக் கட்டம் போடும் பழக்கம் நேற்று வந்ததில்லை. 1714இல் யோஹான் ஹ்யூப்னர் என்ற ஜெர்மானியப் பள்ளித் தலைமையாசிரியர் பிள்ளைகளுக்காக வேதாகமக் கதைகளைத் தொகுத்தார். பழைய ஏற்பாட்டில் 52, புதிய ஏற்பாட்டில் 52, மொத்தம் 104. ஒவ்வொரு கதைக்குப் பின்னாலும் மூன்று பகுதிகள்: நினைவுக்குக் கேள்விகள், புத்திக்குப் போதனைகள், மனதுக்குப் பக்திச் சிந்தனைகள். பல மொழிகளுக்குப் போனது, தலைமுறை தலைமுறையாகப் பள்ளிகளில் ஓதப்பட்டது. நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் வகுப்பறைக்காகப் பாடநூல் செய்தார், நன்றாகவே செய்தார். அதே அமைப்பைப் படுக்கையறைக்குக் கொண்டுவந்து, கதையைச் சுருக்கி, கட்டத்தை மட்டும் பெரிதாக்கி வைத்திருக்கும் இன்றைய புத்தகங்களோடுதான் எனக்குச் சண்டை. விடையைச் சொல்லிவிட்டு விடுகதை போடுகிற மாதிரி இருக்கிறது.

இயேசுவே விதைக்கிறவன் உவமைக்கு விளக்கம் சொன்னாரே என்று யாராவது கேட்பார்கள். சொன்னார். எப்போது? ஜனங்கள் போன பிறகு, தனித்திருக்கையில், சீஷர்கள் வந்து கேட்ட பிறகு. பிள்ளை வந்து கேட்டால் நீங்களும் சொல்லுங்கள், மணிக்கணக்காகச் சொல்லுங்கள். நல்ல சமாரியன் கதையையும் இயேசு கேள்வியில் முடித்து, பதிலை அவரைக் கேள்வி கேட்க வந்த நியாயசாஸ்திரியின் வாயிலிருந்தே வரவைக்கிறார். பிறன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி போனபோதும் எடுத்த எடுப்பில் குற்றத்தைச் சொல்லவில்லை. ஏழையின் மடியில் படுத்து, அவன் கலத்திலேயே குடித்து, மகளைப் போல் வளர்ந்த ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொன்னார். ராஜாவுக்குக் கோபம் பொங்கி, அவன் வாயாலேயே தீர்ப்பு வந்த பிறகுதான் "நீயே அந்த மனுஷன்" என்றார். அந்த வரியை முதலில் சொல்லியிருந்தால் தாவீதுக்கு நாத்தான்மேல்தான் கோபம் வந்திருக்கும்.

நினிவே நகரத்துக்குப் போகச் சொன்னபோது ஓடிப்போன தீர்க்கதரிசி யோனாவின் கதைக்கு நடந்தது இன்னும் அநியாயம். அந்தப் புத்தகத்தில் மொத்தம் 48 வசனங்கள். மீன் வருவது அதில் மூன்றே வசனங்களில். நம் படப் புத்தகங்களில் அட்டையிலேயே சிரித்துக்கொண்டிருப்பது மீன்தான். கீழ்ப்படியாவிட்டால் மீன் விழுங்கும், நினிவே மனந்திரும்பியது, சுபம். நான்காம் அதிகாரம் எங்கே? நினிவே தப்பித்துவிட்டதே என்று யோனாவுக்குக் கோபம். நகரத்துக்கு வெளியே குடிசை போட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நிழல் தந்த ஆமணக்கைப் பூச்சி அரித்துவிட, செத்துவிடலாம் என்கிறான். "நான் எரிச்சலாயிருப்பது நல்லதுதான்" என்று கடவுளிடமே வாதாடுகிறான். இதைவிட ஐந்து வயதுப் பிள்ளைக்கு நெருக்கமான ஆள் வேதாகமத்தில் யார் இருக்கிறார்கள்? மீன் வயிற்றில் உங்கள் மகன் ஒருநாளும் இருக்கப்போவதில்லை. முறுக்கிக்கொண்டு மூலையில் உட்காருவது வாரம் ஒருமுறையாவது நடக்கும். கடவுள் யோனாவை அடிக்கவில்லை. வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் அறியாத இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கு அதிகமான மனுஷரும் அநேக மிருகஜீவன்களும் இருக்கிற மகா நகரத்துக்காக நான் பரிதபியாமலிருப்பேனோ என்று கேட்கிறார். அந்தக் கேள்வியோடு புத்தகமே முடிந்துவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னான் என்று இல்லை. இதை வெட்டிவிட்டு மீனை மட்டும் பிள்ளையிடம் கொடுக்க யார் நமக்கு அனுமதி கொடுத்தது?

இப்போது உங்கள் ஸ்டேப்ளர். கோபித்துக்கொள்ளாதீர்கள், சொல்லித்தான் ஆக வேண்டும். ஆகார் பக்கத்தை மூடியது பெரிய தவறு. துருத்தியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது, பிள்ளையை ஒரு செடியின் கீழ் விட்டுவிட்டு, அது சாவதைப் பார்க்கமாட்டேன் என்று அம்மா தள்ளிப்போய் உட்கார்ந்து அழுகிறாள். "தேவன் பிள்ளையின் சத்தத்தைக் கேட்டார்" என்று அங்கேதான் எழுதியிருக்கிறது. அழுகிற ஒரு பிள்ளையின் சத்தம் மேலே கேட்டது என்று உங்கள் மகள் தெரிந்துகொள்ள வேண்டாமா? பயங்கரத்தை மூடும்போது ஆறுதலையும் சேர்த்தல்லவா குத்திவிட்டீர்கள்?

நல்ல புத்தகம் என்பதை நாம் காலத்துக்கு ஒரு விதமாகப் புரிந்துகொண்டு வந்திருக்கிறோம். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜேன்வே என்ற போதகர் 13 பிள்ளைகள் எவ்வளவு பக்தியோடு வாழ்ந்து மகிழ்ச்சியாக மரித்தார்கள் என்று எழுதினார். அன்றைய பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்கு அதைத்தான் நல்ல புத்தகம் என்று கொடுத்தார்கள். இன்றைக்கு யாருக்கும் எதுவும் நடக்காமல் எல்லாரும் சிரிப்பதுதான் நல்ல புத்தகம். கேட்கும் பிள்ளையின் மேல் நம்பிக்கை அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. எல்லாவற்றையும் வாசித்துக் காட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு பெண்ணுக்கு நேரும் கொடூரத்தைச் சொல்லும் நியாயாதிபதிகள் 19 எட்டு வயதுக்கு இல்லை. அது காத்திருக்கட்டும். ஆனால் துன்பம் கதையின் நடுவில் நின்று அதன் வழியாகத்தான் கதை வீடு வந்து சேரும் என்றால், அதை மூடாதீர்கள். ஆபிரகாமின் கத்தியைப் பற்றி அவள் கேட்கும் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லாமல் போகலாம். இல்லை என்று சொல்லுங்கள். அதனால் அவளுடைய விசுவாசம் கெட்டுப்போகாது.

பட்டியல் கேட்டீர்கள். தரமாட்டேன். உங்கள் கையில் வரும் எந்தப் புத்தகத்தையும் நீங்களே சோதிக்கலாம். முதலில் மூத்த மகனைத் தேடுங்கள். அடுத்து ஆமணக்குச் செடியைத் தேடுங்கள். பிறகு யோசேப்பு கதைக்குப் போங்கள். தம்பியைக் குழியில் போட்டுவிட்டு அண்ணன்மார் சாப்பிட உட்கார்ந்தார்கள் என்று இருக்கிறதா? அவன் கெஞ்சிய சத்தம் அந்த இடத்தில் நமக்குக் கேட்பதில்லை. சுமார் இருபது வருஷம் கழித்து எகிப்தில் மாட்டிக்கொண்டபோது அவர்கள் வாயிலிருந்தே வருகிறது: அவன் கெஞ்சினானே, நாம் கேட்கவில்லையே. ஆதியாகமம் 42:21. அந்த வரி இருக்கும் புத்தகத்தைச் செய்தவருக்குக் கதை தெரியும், பிள்ளைகளையும் தெரியும். தயங்காமல் வாங்குங்கள். வேதாகமத்திலிருந்து எடுக்காத கதைகளுக்கும் இதே அளவுகோல்தான். ஜெபித்த மறுபக்கமே எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடும் புத்தகங்களை வைத்துவிட்டு வாருங்கள். ஜெபித்தும் நாய்க்குட்டி செத்துப்போன பிள்ளைக்கு அந்தப் புத்தகத்தில் சொல்ல ஒன்றும் இருக்காது.

உங்கள் கணவர் சொல்வது எனக்குப் பாதி சம்மதம். வேதமே போதும் என்கிறவர் இன்று இரவு அவரே வாசிக்கட்டும். லூக்கா 15, 11ஆம் வசனத்திலிருந்து கடைசிவரை, நிதானமாக வாசித்தாலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. முடித்ததும் விளக்கம் சொல்ல ஆரம்பிக்காமல், மகள் வாயைத் திறக்கும்வரை சும்மா இருக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா