இயற்பியல் வீட்டுப்பாடமும் இணையத்து நண்பர்களும்: வாசகர் கேள்வி – பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து இம்மாதம் வந்த கடிதங்களில் பலவும் ஒரே பொருளைப் பற்றியவை. வாட்ஸ்ஆப், டெலிகிராம் குழுக்களில் அறிமுகமான, நேரில் பார்த்தேயிராத நண்பர்களிடம் இயற்பியல் கணக்குகளுக்கு உதவி கேட்கலாமா, எப்படிக் கேட்பது, அவர்கள் சொல்வதை எந்த அளவுக்கு நம்புவது என்பவையே அந்தக் கேள்விகள். ஆகவே இந்த இதழில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: தெரியாத கணக்கைப் படம் எடுத்துக் குழுவில் போட்டால், மதுரையிலிருந்தோ கோவையிலிருந்தோ யாராவது ஓர் அண்ணன் முழு விடையையும் எழுதி அனுப்பிவிடுகிறார். வீட்டுப்பாட நோட்டில் எல்லாமே சரியாக இருக்கிறது. ஆனால் இடைப்பருவத் தேர்வில் அதே மாதிரிக் கணக்கு வந்தபோது எங்கே தொடங்குவது என்றே எனக்குத் தெரியவில்லை. குழுவை விட்டு விலகிவிடலாமா?
– பிளஸ் டூ மாணவர், ராணிப்பேட்டை

பதில்: விலக வேண்டாம். கேட்கும் முறையை மாற்றிக்கொண்டால் அதே அண்ணன்மார் உங்களுக்குப் பெரிய துணையாக இருப்பார்கள். பிளஸ் டூ இயற்பியல் வினாத்தாளின் 70 மதிப்பெண்ணில் 15 மட்டுமே ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு உரியவை. மீதமுள்ள 55 மதிப்பெண்ணுக்கும் நீங்களே வரி வரியாக எழுதிக் காட்ட வேண்டும். முழு விடையைப் பார்த்து எழுதியவருக்கு இரண்டாவது வரி முதல் எல்லாம் புரிந்தது போலவே இருக்கும். ஆனால் அந்த முதல் வரியை ஏன் அப்படித் தொடங்கினார்கள் என்பது மட்டும் பிடிபட்டிருக்காது. தேர்வில் உங்களைக் கைவிட்டதும் அதுதான்.

ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். 1.5 வோல்ட் மின்னியக்கு விசையும் 0.5 ஓம் அகமின்தடையும் கொண்ட இரண்டு மின்கலங்கள் பக்க இணைப்பில் ஒரு 2 ஓம் மின்தடையோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. அந்த மின்தடையில் பாயும் மின்னோட்டம் எவ்வளவு? இதைப் படம் எடுத்து, ‘அண்ணா, இதற்கு விடை வேண்டும்’ என்று அனுப்பினால் விடை வரும், வேறொன்றும் வராது. அதற்கு முன் உங்கள் நோட்டில் முடிந்த வரை போட்டுப் பாருங்கள். பிறகு இப்படி எழுதுங்கள்: ‘அகமின்தடைகள் பக்க இணைப்பில் இருப்பதால் அவற்றின் தொகுபயனை 0.25 ஓம் என்று எடுத்தேன். மின்னியக்கு விசைகளைக் கூட்டி 3 வோல்ட் என்றேன். 3-ஐ 2.25-ஆல் வகுத்தால் எனக்கு 1.33 ஆம்பியர் வருகிறது, புத்தகத்தில் 0.67 என்று இருக்கிறது. எந்த இடத்தில் பிழை?’

இந்தக் கேள்வியைப் படிக்கிறவருக்கு உங்கள் மனத்தில் நடந்தது முழுவதும் தெரிந்துவிடுகிறது. ‘அகமின்தடையைச் சரியாகத்தான் கண்டிருக்கிறாய்; ஆனால் நேர்முனைகள் இரண்டும் ஒரே புள்ளியிலும் எதிர்முனைகள் இரண்டும் இன்னொரு புள்ளியிலும் சேர்ந்திருக்கும்போது அந்த இரு புள்ளிகளுக்கு இடையே மின்னழுத்தம் எப்படிக் கூடும்?’ என்று அவர் ஒரே வரியில் கேட்டால் போதும். 1.5-ஐ 2.25-ஆல் வகுத்து 0.67 ஆம்பியரை நீங்களே எழுதிவிடுவீர்கள், அதன் பிறகு அது மறக்காது.

விடை கிடைத்த அன்றோடு விட்டுவிடாதீர்கள். மறுநாள் கைபேசியை எடுத்து வைத்துவிட்டு, வெறும் தாளில் அதே கணக்கை முதலிலிருந்து போடுங்கள். பிறகு நண்பரிடம், ‘இதையே கொஞ்சம் மாற்றி ஒன்று கொடுங்கள்’ என்று கேளுங்கள். அந்த இரண்டு மின்கலங்களில் ஒன்றைத் தலைகீழாக இணைத்துவிட்டால் என்ன ஆகும் என்று அவர் கேட்கலாம். அப்போது 2 ஓம் மின்தடையில் மின்னோட்டமே இருக்காது. இரண்டு கலங்களுக்குள்ளேயே 3 ஆம்பியர் சுற்றிக்கொண்டிருக்கும். இது ஏன் என்று யாரும் சொல்லித் தராமல் உங்களால் விளக்க முடிகிறதென்றால் அந்தப் பாடம் உங்களுடையதாகிவிட்டது.

கேள்வி: ஏலகிரி மலைப்பாதையை வைத்து எங்கள் ஆசிரியர் ஒரு கணக்குக் கொடுத்தார். கொண்டை ஊசி வளைவின் ஆரம் 15 மீட்டர், சாலை சமதளம், உராய்வுக் குணகம் 0.6, ஓட்டுபவரோடு சேர்த்து வண்டியின் நிறை 150 கிலோகிராம். வண்டி சறுக்காமல் திரும்பக்கூடிய பெரும வேகம் என்ன? இணைய நண்பர், ‘மையவிலக்கு விசையும் உராய்வு விசையும் சமம்’ என்று தொடங்கி, வினாடிக்கு 9.4 மீட்டர் என்று முடித்தார். விடை சரி, ஆனால் ஆசிரியர் அந்த முதல் வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். மேலும் நண்பர் 150 என்ற எண்ணைப் பயன்படுத்தவே இல்லை. இருவரில் யார் சொல்வது சரி?
– பிளஸ் ஒன் மாணவர், ஜோலார்பேட்டை

பதில்: மிக நல்ல கேள்வி, இதில் நின்று நிதானமாகப் பேசலாம். (கணக்கிலுள்ள எண்கள் பயிற்சிக்காகக் கொடுக்கப்பட்டவை. ஏலகிரியின் 14 வளைவுகளில் எதையும் அளந்து எடுத்தவையாகக் கொண்டு, அந்த வேகத்தில் யாரும் வண்டி ஓட்டிவிட வேண்டாம்.)

முதலில் நிறையைப் பார்ப்போம். வண்டி வட்டத்தில் திரும்ப மையநோக்கு விசை வேண்டும். அதன் அளவு, நிறையை வேகத்தின் இருமடியால் (வர்க்கத்தால்) பெருக்கி ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது. சமதளச் சாலையில் அந்த விசையைத் தரக்கூடியது உராய்வு ஒன்றுதான். உராய்வு தரக்கூடிய பெரும அளவு 0.6 × 150 × 9.8, அதாவது 882 நியூட்டன். இரண்டையும் சமப்படுத்தும்போது இரு பக்கமும் 150 இருப்பதால் அது நீங்கிவிடுகிறது. வேகத்தின் இருமடி 0.6 × 9.8 × 15 = 88.2, வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 9.4 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 34 கிலோமீட்டர். கொடுத்த எண்கள் எல்லாவற்றையும் பயன்படுத்தியே தீர வேண்டும் என்று விதி ஏதும் இல்லை. உங்களைச் சிந்திக்க வைப்பதற்காகவே ஆசிரியர் நிறையைக் கொடுத்திருப்பார்.

இனி, அடிக்கப்பட்ட அந்த வரி. சாலையோரம் நின்று பார்க்கிற ஒருவருக்கு அந்த வண்டியின் மீது செயல்படுபவை மூன்று விசைகளே: கீழ்நோக்கிய எடை, சாலை தரும் மேல்நோக்கிய செங்குத்து விசை, வளைவின் மையத்தை நோக்கிய உராய்வு. வெளிநோக்கி எந்த விசையும் இல்லை. இந்தப் படத்தில் வெளிநோக்கி ஒரு மையவிலக்கு விசையையும் வரைந்து அதை உராய்வுக்குச் சமம் என்று எழுதினால், நிகர விசை சுழியாகிவிடும். நிகர விசை சுழி என்றால் நியூட்டனின் முதல் விதிப்படி வண்டி நேர்கோட்டில் போக வேண்டும். வளைவில் திரும்பவே முடியாது. ஆசிரியர் அடித்ததற்குக் காரணம் இதுதான்.

அதற்காக உங்கள் நண்பருக்கு இயற்பியல் தெரியாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அவர் வண்டியின் மீது அமர்ந்திருப்பவரின் நிலையிலிருந்து எழுதியிருக்கிறார். வண்டியோடு சேர்ந்து திரும்புகிற குறிப்பாயத்தில் (அதாவது அந்தப் பார்வை நிலையில்) வண்டி அசையாமல் இருப்பதாகத் தோன்றும். அங்கே நியூட்டன் விதிகளைப் பயன்படுத்த வேண்டுமானால் மையவிலக்கு விசை என்ற போலி விசையைச் சேர்த்தாக வேண்டும், அதை உராய்வு சமன் செய்கிறது என்று எழுதுவதும் சரியே. எண் ஒன்றாகவே வருவதற்குக் காரணம் அதுதான். ஆனால் தாம் எந்தக் குறிப்பாயத்தில் நிற்கிறோம் என்பதை அவர் எழுதவில்லை, நீங்களும் கேட்கவில்லை. இயக்க விதிகள் பாடத்தில் யார் உதவினாலும், ‘இதை யாருடைய பார்வையிலிருந்து எழுதினீர்கள்?’ என்று கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

உங்களுக்கும் ஒரு கணக்கு: மழையில் உராய்வுக் குணகம் 0.3 ஆகிவிட்டால் அந்தப் பெரும வேகம் பாதியாகுமா? ஆகாது. ஏன் ஆகாது என்பதையும், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் ஆகும் என்பதையும் நண்பருக்கு நீங்களே எழுதி அனுப்புங்கள். இந்த முறை திருத்துகிற வேலை அவருடையதாக இருக்கட்டும்.

கேள்வி: காவலூர் தொலைநோக்கியின் பிரிதிறனை (அருகருகே தெரியும் இரு புள்ளிகளைத் தனித்தனியே காட்டும் திறனை) கணக்கிடுமாறு வீட்டுப்பாடம் தந்தார்கள். ஒரு தோழி 2.87 × 10⁻⁷ என்கிறாள், இன்னொருவர் 0.059 என்கிறார். இருவருமே நன்றாகப் படிப்பவர்கள். யாரை நம்புவது?
– பிளஸ் டூ மாணவி, ஆலங்காயம்

பதில்: இருவரையும் நம்பலாம், இருவருமே அலகை எழுதாமல் விட்டிருக்கிறார்கள். காவலூரில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி விட்டம் 2.34 மீட்டர். ஒளியின் அலைநீளத்தை 550 நானோமீட்டர் என்று கொண்டு, 1.22-ஆல் பெருக்கி விட்டத்தால் வகுத்தால் 2.87 × 10⁻⁷ ரேடியன் வரும். ஒரு ரேடியனுக்கு 2,06,265 வில் வினாடிகள் என்பதால் அதுவே 0.059 வில் வினாடி. வளிமண்டலத்தின் அலைவு காரணமாக, தரையிலிருந்து நோக்கும்போது நடைமுறையில் பிரித்தறிய முடிகிற கோணம் இதைவிட மிகவும் பெரிது, அதாவது பிரிதிறன் மிகவும் குறைவு என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

இரண்டு பேரிடம் கேட்டது நல்ல பழக்கம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அந்த விண்மீனின் ஒளி முன்னும் பின்னும் சற்றுச் சற்று மங்கியதைப் பறக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து பதிவு செய்தார்கள். உங்கள் ஊருக்கு அருகிலுள்ள காவலூரிலும் அதே மங்கல் பதிவாயிற்று. வெவ்வேறு இடங்களின் பதிவுகளை ஒப்பிட்ட பிறகே யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது உறுதியானது. ஆனால் ஒப்பிடுவதற்கு முன் அலகு ஒன்றாக இருக்க வேண்டும். அலகு இல்லாமல் வரும் எந்த விடையையும் நோட்டில் ஏற்றாதீர்கள், அதை அனுப்பியவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி.

கேள்வி: நானும் என் கணவரும் தறி நெய்கிறவர்கள். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பாடம் கேட்கிறேன் என்று இரவு வெகுநேரம் முகம் தெரியாதவர்களோடு கைபேசியில் எழுதிக்கொண்டிருக்கிறாள். தடுத்தால் படிப்பு கெட்டுவிடுமோ என்றும் பயம், விட்டால் வேறு ஏதாவது ஆகிவிடுமோ என்றும் பயம். என்ன செய்வது?
– தாய், குடியாத்தம்

பதில்: அம்மா, உங்கள் இரண்டு பயமும் நியாயமானவை. கைபேசியைப் பிடுங்கிவிடாதீர்கள், தனியாக டியூஷன் வைக்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது உண்மையிலேயே ஒரு வழி. பாடம் உங்களுக்குப் புரிய வேண்டும் என்ற அவசியமும் இல்லை. இன்று என்ன கேட்டாய், என்ன சொன்னார்கள் என்று அருகில் அமர்ந்து கேளுங்கள். மகள் நோட்டைத் திறந்து காட்டி, தானே விளக்கிச் சொல்கிறாள் என்றால் படிப்பு நடக்கிறது என்று பொருள்.

மகளோடு சில ஏற்பாடுகளைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கேள்வி பதில் எல்லாம் பலரும் பார்க்கிற குழுவில்தான் நடக்க வேண்டும். ‘தனியாக வா, சொல்லித் தருகிறேன்’ என்று அழைப்பவருக்குப் பதில் எழுத வேண்டாம். அனுப்புகிற படத்தில் கணக்குத் தவிர முகமோ, பள்ளிப் பெயருள்ள அட்டையோ, வீட்டின் உட்புறமோ தெரியக் கூடாது. கணக்குக்கு உதவியதற்காகப் புகைப்படம், பணம், ஓடிபி எண் என எதைக் கேட்டாலும் உடனே உங்களிடம் சொல்ல வேண்டும். சொன்னால் திட்டமாட்டோம் என்ற உறுதியை முதலிலேயே கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் திட்டு விழும் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் பலவற்றை மறைக்கிறார்கள். யாராவது மிரட்டினால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930. அந்தச் செய்திகளை அழித்துவிடாமல் வைத்திருங்கள். இரவு ஒன்பதரைக்கு மேல் கைபேசி உங்களிடம் வந்துவிடட்டும்; அந்த நேரத்துக்குப் பிறகு தோன்றுகிற சந்தேகம் காலை வரை காத்திருக்கலாம்.

கேள்வி: நான் தமிழ்வழியில் படிக்கிறேன். குழுவில் உள்ளவர்கள் எல்லாரும் ஆங்கிலவழி. நான் கேட்பது அவர்களுக்குப் புரிவதில்லை, அவர்கள் சொல்வது எனக்குப் புரிவதில்லை.
– பிளஸ் ஒன் மாணவர், திமிரி

பதில்: தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இயற்பியல் புத்தகம் இரண்டு வழிகளிலும் ஒரே பாட வரிசையில் அமைந்தது, அதன் இணையதளத்தில் ஆங்கிலப் பதிப்பையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பாடத்தின் எண்ணையும் எடுத்துக்காட்டின் எண்ணையும் சொன்னாலே அவர்களுக்குப் பக்கம் கிடைத்துவிடும். சொற்களால் விளக்க முடியாத இடத்தில் படம் வரையுங்கள்: விசைகளுக்கு அம்புக்குறி, சுற்றுக்கு மின்சுற்றுப் படம், கூடவே நீங்கள் போட்ட வரிகள். குறியீடுகளும் சமன்பாடுகளும் இரண்டு புத்தகத்திலும் ஒன்றே. அவர்கள் ஆங்கிலத்தில் அனுப்பும் விளக்கத்தை உங்கள் தமிழில் எழுதி, ‘நான் புரிந்துகொண்டது இது, சரியா?’ என்று உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் மறுநாள் காட்டிவிடுங்கள்.