கடை கால்குலேட்டர் காட்டிய 18 லட்சம்

கேள்வி: தையல் கடை வைத்திருக்கிறேன். கையில் 1,50,000 ரூபாய் இருக்கிறது. மாதம் 5,000 வீதம் ஆர்டி போடப் போகிறேன். ஒரு வருடத்தில் எவ்வளவு சேரும் என்று கடை கால்குலேட்டரில் 150000 + 5000 × 12 என்று தட்டினால் 18,60,000 வருகிறது, போனில் 2,10,000 வருகிறது. நகைக் கடன் 80,000-இல் அசல் 25,000 கட்டிவிட்டேன். அதையும் கழித்தால் 1,05,000தான் நிற்கிறது. இதை நம்பி 45,000 ரூபாய்க்கு துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் வாங்கலாமா? கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்டில் −1,250 என்று வேறு இருக்கிறது, அதை உடனே கட்டணுமா?

பதில்: போன் சொன்னதுதான் சரி, 2,10,000. ஆர்டி வட்டி தனி. உங்கள் கடை கால்குலேட்டர் பழுதாகவில்லை, அது வேலை செய்யும் விதமே அப்படித்தான். இன்னொரு முறை மெதுவாகத் தட்டிப் பாருங்கள்: 5000 போட்டுவிட்டு பெருக்கல் பட்டனைத் தொட்டதுமே திரையில் 1,55,000 வந்து நிற்கும், ஏனென்றால் அடுத்த குறியை அழுத்தியவுடன் அதுவரை உள்ள கணக்கை அது முடித்துவிடுகிறது, அப்புறம் அந்த முழுத் தொகையையும் 12-ஆல் பெருக்குகிறது. கையில் இருக்கும் ஒன்றரை லட்சத்தையும் மாதாமாதம் போடுவதாக எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன். பள்ளியில் போட்மாஸ் என்று படித்தோமே, பெருக்கலை முடித்துவிட்டுத்தான் கூட்டல் என்று, போன் அதன்படி போடுகிறது.

ஆனால் 1,05,000 தப்பு, இதில் போனைக் குறை சொல்ல முடியாது. 210000 − 80000 − 25000 என்று தட்டியிருக்கிறீர்கள். நீங்கள் கட்டிய 25,000 கடனைக் குறைத்த பணம், அதைக் கடனோடு சேர்த்து இன்னொரு கடன் மாதிரி கழித்துவிட்டீர்கள். 210000 − (80000 − 25000) என்று அடைப்புக்குறி போட்டால் 1,55,000 வரும். அடைப்பை எடுத்துவிட்டு எழுதணும் என்றால் உள்ளே இருக்கும் மைனஸ் பிளஸ்ஸாக மாறணும்: 210000 − 80000 + 25000. அந்த ஒரு குறியில் 50,000 ரூபாய் காணாமல் போயிருக்கிறது, நீங்கள் பாடுபட்டு அடைத்த 25,000-ஐக் கூட்டுவதற்குப் பதில் கழித்ததால் அது இரண்டு மடங்காகிவிட்டது.

கடை கால்குலேட்டரிலேயே போடணும் என்றாலும் வழி இருக்கிறது. எம்ஆர்சி (MRC, கால்குலேட்டர் நினைவில் வைத்ததைக் காட்டும்) பட்டனை இரண்டு தடவை அழுத்திப் பழைய கணக்கை அழித்துவிடுங்கள். 150000 போட்டு எம் பிளஸ், 5000 × 12 போட்டு எம் பிளஸ், 80000 − 25000 போட்டு எம் மைனஸ். கடைசியில் எம்ஆர்சி ஒரு தடவை, 1,55,000 வந்துவிடும். வரவுக்கு எம் பிளஸ், கடனுக்கு எம் மைனஸ், அடைப்புக்குறி செய்யும் வேலையை இவை செய்துவிடும்.

சரி, மெஷின். 1,55,000 என்பது அடுத்த வருடக் கணக்கு, அதில் 60,000 இன்னும் நீங்கள் சம்பாதிக்கவே இல்லை. இன்றைய கணக்கு 1,50,000 − 55,000 = 95,000. நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் மீதி 55,000-ஐ, சேர்ந்திருக்கும் வட்டியோடு கட்டி நகையை மீட்டுவிடுவேன், சேமிப்புக் கணக்கில் கிடைக்கும் வட்டியை விட நகைக் கடனுக்குக் கட்டும் வட்டி அதிகம். அப்புறம் 45,000-க்கு மெஷின் வாங்கினாலும் கையில் 50,000 பக்கம் நிற்கும். ஓவர்லாக் வேலையை இப்போது வெளியே கொடுத்துக் கூலி கட்டுகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம். இல்லையென்றால் ஆர்டி ஆறு மாதம் ஓடட்டும்.

கார்டில் இருக்கும் மைனஸுக்கு நீங்கள் எதுவும் கட்ட வேண்டாம். கார்டு ஸ்டேட்மென்டில் சாதாரணமாக வரும் தொகை நீங்கள் வங்கிக்குத் தர வேண்டியது, அதனால் அங்கே மைனஸ் வந்தால் வங்கி உங்களுக்குத் தர வேண்டியது. சில வங்கிகள் மைனஸுக்குப் பதில் சிஆர் (CR, கிரெடிட், அதாவது வரவு) என்று போடும். கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள், அல்லது திருப்பிக் கொடுத்த பொருளுக்குப் பணம் வந்திருக்கும். ஓடி (OD, ஓவர்டிராஃப்ட்) கணக்கில் மைனஸ் என்றால் நேர் எதிர், அது வங்கிப் பணம், வட்டி ஓடிக்கொண்டிருக்கும். இந்த 1,250 கார்டில் அடுத்து வாங்கும் பொருளில் தானாகக் கழிந்துவிடும், பணமாகவே வேண்டும் என்றால் வங்கியிடம் கேட்டு உங்கள் கணக்கில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.