கொறங்காட்டை உழுது தென்னை வைக்கலாமா?

கேள்வி: காங்கேயம் அருகே எங்களுக்கு எட்டு ஏக்கர் நிலம் உள்ளது. மூன்று ஏக்கர் கிணற்றுப் பாசனத் தோட்டம். மீதி, அப்பா காலத்திலிருந்து மாடு மேயும் கொறங்காடு. அதை உழுது, ஆழ்துளைக் கிணறு போட்டு, முழுவதும் தென்னை வைக்கலாம் என்கிறார் மைத்துனர். செய்யலாமா?
– வாசகர், காங்கேயம்

பதில்: அவசரப்பட வேண்டாம். கொறங்காடு தரிசு நிலமன்று. கிளுவை வேலியும் வெள்வேல மரங்களும் கொழுக்கட்டைப் புல்லுமாக, சரளை கலந்த செம்மண்ணுக்கும் குறைந்த மழைக்கும் ஏற்றபடி நம் முன்னோர் அமைத்த மேய்ச்சல் நிலம் அது. புல்லின் வேர் மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. வெள்வேல நெற்று கோடையில் மாட்டுக்குத் தீனியாகிறது. ஒருமுறை ஆழ உழுதுவிட்டால் அந்தப் புல் போர்வை மீண்டும் மூடப் பல ஆண்டுகள் ஆகும். ஐந்து ஏக்கரையும் இடைவேலியிட்டு மூன்று நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒன்றில் மேயும்போது மற்றவற்றுக்கு ஓய்வு கொடுங்கள்.

தண்ணீர்க் கணக்கையும் பாருங்கள். ஓர் ஏக்கரில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர் நீர் விழுகிறது. ஐப்பசி மழையில் அது ஓடிப்போகாதபடி சரிவுக்குக் குறுக்கே வரப்பும், தாழ்ந்த மூலையில் பண்ணைக் குட்டையும் அமைப்பதே முதல் வேலை. ஆழ்துளைக் கிணறு நீரை எடுக்குமே தவிர உண்டாக்காது.

தென்னைக்கு நான் பகைவனல்லன். சித்திரை மாதத்தில் உங்கள் கிணறு தினமும் எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடத் தாங்குகிறது என்று இந்தக் கோடையில் குறித்து வைத்து, அதற்குள் அடங்கும் மரங்களைத் தோட்டத்திலேயே சொட்டுநீரில் வையுங்கள்.