முதல் பணம் யார் கொடுத்தது?

வணக்கம் ஐயா,

நாமக்கல் மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். பாடம் எடுப்பதோடு, இ.டி. செல் என்று நாங்கள் சொல்லும் தொழில்முனைவோர் மேம்பாட்டுப் பிரிவும் மூன்று வருடமாக என் பொறுப்பில்தான் இருக்கிறது. தொழிலில் ஜெயித்த ஒருவரை அவ்வப்போது சிறப்பு விருந்தினராக அழைப்போம். ஹால் நிறைந்துவிடும், கைதட்டலும் பலமாக இருக்கும். முடிந்ததும் 'தொழில் தொடங்க விருப்பமா?' என்று ஒரு படிவம் கொடுப்போம். நிறையப் பேர் 'ஆம்' என்று டிக் அடிப்பார்கள். கேம்பஸ் இன்டர்வியூ வந்ததும் அத்தனை பேரும் அந்த வரிசையில் நிற்பார்கள். தொழில் தொடங்கினேன் என்று இதுவரை ஒருவர்கூட என்னிடம் வந்து சொன்னதில்லை.

போன மாதம் நடந்த கூட்டத்தில் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவி ஒருத்தி எழுந்தாள். அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டிரில்லர். வருடத்தில் பாதி நாள் வடக்கேதான் இருப்பார். "சார், உங்களுக்கு முதல் பணம் யார் கொடுத்தாங்க? அதைத் திருப்பிக் கொடுக்க எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, "தன்னம்பிக்கைதாம்மா முதல் முதலீடு" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள். அன்று படிவத்தைத் திருப்பித் தராதவள் அவள் ஒருத்திதான்.

படிப்பாலும் ஊக்கப் பேச்சாலும் ஒரு பிள்ளைக்குத் தொழில் செய்யும் எண்ணத்தை உண்டாக்க முடியுமா? நான் செய்துகொண்டிருப்பது வெறும் சடங்குதானா?

(பெயரும் கல்லூரியும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள பேராசிரியருக்கு,

அந்தப் பெண்ணின் கேள்வி இரண்டு நாளாக மனசிலேயே நிற்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எண்ணத்தை உண்டாக்க முடியும். ஒரு வகையில் அது சுலபம்கூட. லண்டனிலும் பிரான்ஸின் கிரனோபிளிலும் அறிவியல், பொறியியல் படித்த மாணவர்களை வைத்து 2007இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. தொழில்முனைவுப் பாடம் எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் பாடத்துக்கு முன்பும் பின்பும் விசாரித்துப் பார்த்தார்கள். எடுத்தவர்களிடம் தொழில் தொடங்கும் எண்ணம் கூடியிருந்தது. எதனால் என்று பிரித்துப் பார்த்தபோது, கற்றுக்கொண்ட விஷயங்களோ கல்லூரி செய்துகொடுத்த வசதிகளோ காரணமாகத் தெரியவில்லை. மனசைத் தொட்ட ஏதோ ஒன்று, ஒருவரின் பேச்சோ கூடப் படித்தவரின் ஆர்வமோ, அதுதான் அவர்களை அசைத்திருந்தது. ஆகவே உங்கள் ஹாலில் கேட்கும் கைதட்டல் பொய்யில்லை. அந்த நேரத்தில் பிள்ளைகள் நிஜமாகவே ஆசைப்படுகிறார்கள். ஆனால் அந்த எண்ணம் உடனே தொழிலாக மாறியதற்கு அந்த ஆய்விலேயே தடயம் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். நெதர்லாந்தில் ஒரு கல்லூரி. அதன் பிரேடா வளாகத்தில் மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு கல்வியாண்டு முழுக்க ஒரு சின்ன கம்பெனி நடத்த வேண்டும். முதலீடு திரட்டுவது, பொருளை விற்பது, கணக்கு முடிப்பது எல்லாம் அவர்களேதான். அதே கல்லூரியின் இன்னொரு வளாகத்தில் இந்தப் பாடம் கிடையாது. இரண்டையும் ஒப்பிட்டு 2010இல் எழுதினார்கள். கம்பெனி நடத்திய பிள்ளைகளிடம் தொழில் தொடங்கும் எண்ணம் குறைந்துபோயிருந்தது.

இதை முதலில் படித்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தேன். பேச்சைக் கேட்ட பிள்ளைக்கு ஆசை கூடுகிறது, செய்து பார்த்த பிள்ளைக்குக் குறைகிறது. செய்து பார்த்த பிள்ளைக்குத்தானே தொழில் என்றால் என்ன என்று தெரிந்திருக்கிறது? ஒரு பத்தொன்பது வயதுப் பையன் 'இது எனக்கு ஆகாது' என்று வீட்டுக் காசு ஒரு ரூபாய்கூடப் போகாமல் தெரிந்துகொண்டால், அந்தக் கல்லூரி அவனுக்குப் பெரிய நன்மை செய்திருக்கிறது என்றுதான் நான் சொல்வேன். உங்கள் படிவத்தில் இதற்கு இடமில்லை. 'ஆம்' கூடினால் வெற்றி, குறைந்தால் தோல்வி என்று கணக்கு வைத்துக்கொண்டு உங்களை நீங்களே குறைத்து மதிப்பிட்டுவிட்டீர்கள்.

இந்த விஷயத்தில் நான் படித்த புத்தகங்களைவிட எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது என் சின்ன மாமாவின் லேத் பட்டறை. கோவை கணபதியில் இருந்தது. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், நான்கு ஆட்கள். பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். பாலிடெக்னிக் படிக்கும்போது சனிக்கிழமைகளில் நானும் மாமா பையனும் அங்கேதான் கிடப்போம். சனிக்கிழமை சம்பள நாள்.

ஒரு சனிக்கிழமை மதியம் மாமா என்னை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து ஒரு கம்பெனிக்குக் கூட்டிப்போனார். பில் கொடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அக்கவுண்ட்ஸ் மேசைக்கு முன்னால் ஒரு பெஞ்ச். அதில் மாமாவைப் போலவே நாலைந்து பேர், எல்லோர் மடியிலும் ரெக்சின் பை. மாமாவின் முறை வந்தபோது, "ஏனுங்க, இன்னைக்கு ஆகுமுங்களா?" என்று கேட்டார். அந்த மனிதர் தலை நிமிராமலே, "திங்கக்கிழமை பார்க்கலாங்க" என்றார். மாமா "சரிங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார். கோபமே இல்லை. நேராக வீட்டுக்கு வந்தோம். அத்தை எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய் இரண்டு வளையலைக் கழற்றி ஒரு கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தார். வழக்கமான அடகுக் கடை. ஆறு மணிக்கு நான்கு பேருக்கும் சம்பளம் எண்ணிக் கொடுத்தாகிவிட்டது, டீயும் போண்டாவும் வந்துவிட்டது. எல்லோரும் போன பிறகு மாமா பழந்துணியால் லேத் பெட்டில் ஒட்டியிருந்த பிசிறைத் துடைத்து, எண்ணெய் போட்டு, மெதுவாகத் தடவிக்கொடுத்தார். மாட்டைத் தடவுவது போல.

நானும் மாமா பையனும் ஒரே வாசற்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்தோம். எனக்கு அந்த பெஞ்சும் வளையலும் மனசில் நின்றன. இது என்னால் ஆகாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. அவனுக்கு அந்த எண்ணெய் தடவிய கை மனசில் நின்றது. இன்றைக்கு அவன் அதே தெருவில் கணினியால் இயங்கும் சி.என்.சி. மெஷின்கள் வைத்து நடத்துகிறான். இரண்டு பேரும் எடுத்தது சரியான முடிவு என்று இத்தனை வருடம் கழித்தும் நம்புகிறேன். ஒரு மேடைப் பேச்சால் எங்களை இப்படிப் பிரித்துக் காட்டியிருக்க முடியாது.

ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் இதற்குப் பக்கத்தில் வரும் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். 2013இல் வெளியான ஆய்வு. அங்கே மாணவர்களைப் பிரிவுகளாகப் பிரிப்பார்கள். யாரோடு சேர வேண்டும் என்று மாணவர் தேர்ந்தெடுக்க முடியாது. ஏற்கெனவே தொழில் நடத்திவிட்டு வந்தவர்கள் அதிகம் இருந்த பிரிவில், மற்ற மாணவர்கள் படித்து முடித்துத் தொழில் தொடங்குவது குறைந்திருந்தது. எவை குறைந்தன என்று பார்த்தால், பெரும்பாலும் தேறாமல் போகக்கூடிய தொழில்கள். பக்கத்து இருக்கையில் அடிபட்டுவந்த ஒருவர் இருந்தால், 'இந்தக் கணக்கு உதைக்குமே' என்று சொல்லிவிடுவார் அல்லவா, அதுதான் நடந்திருக்க வேண்டும்.

ஆகவே என் பதிலின் மையம் இதுதான்: ஊக்கம் நிலைக்க வேண்டுமானால் அது கிட்டத்தில் இருந்து வரவேண்டும். கெட்ட நாட்களும் சேர்ந்து கண்ணில் படவேண்டும். எனக்கு ஒரு மாமா இருந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் வீட்டுப் பையனுக்கு அப்பா, பெரியப்பா, பங்காளி என்று வீடு முழுக்க ஆசிரியர்கள். யாரிடம் நூல் கடனுக்குக் கிடைக்கும், எந்த பார்ட்டி இழுத்தடிப்பான் என்பதெல்லாம் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே அவன் காதில் விழுந்துவிடும். சொந்தமும் சாதியும் சிலருக்கு இதை இலவசமாகக் கொடுக்கிறது, பலருக்குக் கதவையே காட்டுவதில்லை. அந்தக் கதவைத் திறப்பதுதான் கல்லூரியின் வேலை. அப்படி ஒரு மாமா இல்லாத பிள்ளைக்குக் கல்லூரி அந்த மாமாவாக இருக்க வேண்டும்.

கோவையில் இது நடந்திருக்கிறது. பி.எஸ்.ஜி.யில் 1926இல் முதலில் வந்தது தொழிற்கூடம். பொறியியல் கல்லூரி 25 வருடம் கழித்து, 1951இல்தான் வந்தது. பம்பும் மோட்டாரும் செய்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே வகுப்பறை. சென்னையில் இன்னொரு மாதிரி நடந்தது. கிரிஷ் மாத்ருபூதம் 2010இல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் கம்பெனியைத் தொடங்குவதற்கு முன்பு பல வருடம் ஸோஹோ என்ற இன்னொரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைவரை போனது. சார்ஜ்பீ என்ற மென்பொருள் கம்பெனியைத் தொடங்கியவர்களிலும் ஸோஹோவில் இருந்தவர்கள் உண்டு. இங்கிருந்தே ஒரு மென்பொருளைச் செய்து வெளிநாட்டில் விற்க முடியும் என்பதை அவர்கள் தினமும் ஆபீஸில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பயிற்சியே வீண் என்று சொல்ல வரவில்லை. 1964இல் டேவிட் மெக்லெலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் காக்கிநாடாவைச் சேர்ந்த தொழில்காரர்களை ஹைதராபாத்துக்கு அழைத்துச் சில நாள் பயிற்சி கொடுத்தார். ஊர் திரும்பிய பிறகு அவர்கள் முன்னைவிடச் சுறுசுறுப்பாகத் தொழில் செய்தார்கள். ஆனால் அவர்கள் ஏற்கெனவே கடையோ பட்டறையோ வைத்திருந்தவர்கள். கேட்ட பேச்சைக் கொண்டுபோய் இறக்கிவைக்க அவர்களுக்கு ஒரு கல்லாப்பெட்டி இருந்தது. உங்கள் பிள்ளைகளிடம் இருப்பது கல்விக்கடன்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்றைச் செய்யும் எண்ணம் உண்டாவதை மூன்று விஷயம் தீர்மானிக்கிறது என்று 1991இல் ஐசன் என்ற உளவியலாளர் எழுதினார்: அதன்மேல் விருப்பம், நமக்கு வேண்டியவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம், என்னால் முடியும் என்ற நம்பிக்கை. பல ஆய்வுகளில் இந்த இரண்டாவது பலவீனமாகத்தான் தெரிகிறது. நம் ஊரில் எனக்கு அதை நம்பக் கஷ்டமாக இருக்கிறது. "பையன் என்ன பண்றான்?" என்று பெண் வீட்டார் கேட்கும்போது 'சொந்தமா ஏதோ பண்றான்' என்று சொல்ல வேண்டிவருமே என்று பயப்படும் அம்மாவை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளை என்றால் அந்தப் பயம் இரண்டு மடங்கு. உங்கள் அடுத்த கூட்டத்துக்குப் பெற்றோரையும் கூப்பிடுங்கள். கடன் வாங்கும்போது கையெழுத்துப் போடப் போகிறவர்கள் அவர்கள்தானே.

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். ஜி.டி. நாயுடுவின் கதையை உங்கள் ஹாலில் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அதை வாங்கிப் பிரித்துப் போட்டுக் கற்றுக்கொண்டார் என்பதுவரை எல்லோரும் சொல்வார்கள். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவர் ஓட்டிய முதல் பஸ்ஸுக்கு, கோவையில் தொழில் நடத்திய ஆங்கிலேயரான ராபர்ட் ஸ்டேன்ஸ் கடன் கொடுத்து உதவினார் என்பதை அவசரமாகத் தாண்டிவிடுவார்கள். அந்தப் பையனை நம்பிப் பணம் கொடுக்க ஒரு மனிதர் இருந்தார். இதைச் சொன்னால் நாயுடுவின் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது. கேட்கிற பிள்ளைக்கு வழி தெரியும்.

அவளுக்கு நேர்மையான பதில் சொல்லுங்கள். நாமக்கல்லில் டிரைவராக இருந்து லாரி முதலாளி ஆனவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவரை அழைத்து, முதல் வண்டிக்கு யார் ஜாமீன் போட்டார்கள், தவணை கட்ட முடியாத மாதம் என்ன செய்தார் என்பதை மட்டும் பேசச் சொல்லுங்கள். கடையை மூடியவர் ஒருவரையும் மரியாதையோடு மேடையில் உட்காரவையுங்கள். பட்டம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு தமிழ்நாடு அரசின் நீட்ஸ் என்ற தொழில் கடன் திட்டத்தில் 25 சதவீத மானியமும் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிறு தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் தந்தாக வேண்டும் என்று 2006ஆம் வருடச் சட்டம் சொல்வதும் தெரிந்திருக்க வேண்டும். என் மாமா அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலத்தில் அப்படி ஒரு சட்டம் இல்லை. சட்டம் வந்த பிறகும் அந்த பெஞ்ச் காலியாகவில்லை என்பதையும் அவளிடம் மறைக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தை மாமா பையனிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "அந்தப் பொண்ணையும் இன்னும் நாலு பேரையும் அனுப்பச் சொல்லு, வசூல் நோட்டையே காட்டறேன்" என்றான். யார் எவ்வளவு பாக்கி, எத்தனை நாளாக என்று கையால் எழுதிவைத்திருக்கும் நோட்டு அது. என்னிடம்கூட இதுவரை காட்டியதில்லை. பெண் பிள்ளைகள் என்பதால் நீங்களும் கூடவே வாருங்கள். அத்தை இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார், மதியச் சாப்பாடு அங்கேயே ஆகிவிடும். ஏதாவது ஒரு சனிக்கிழமையாகப் பார்த்து வாருங்கள், ஆறு மணிவரை இருக்கிற மாதிரி. சம்பளம் கொடுக்கும்போது அவர்கள் அங்கே இருக்க வேண்டும்.